ட்வென்டி செவன் ஒன்லி

முட்டாளே இல்லாத ஊர் உலகத்தில் கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் நாலு பேரைக் காட்டி, "இவங்க மட்டும் கொஞ்சம் அப்படி" என்பார்கள். ஏழுபனைப்பட்டியில் அந்த வழக்கம் இல்லை. அங்கே யாரை யார் காட்டுவது?

பேருக்கு ஏற்றபடி ஊர் எல்லையில் ஏழு பனைகள் நின்றன. ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து ஒன்று கருகிப்போனது. ஊரே கூடி அழுதது. பனை போனதற்காக இல்லை, ஊர்ப் பேர் பொய்யாகிவிட்டதே என்று. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளியூர் ஆள் யார் வந்தாலும், ஊரிலேயே நெட்டையனான பெயிண்டர் சங்கிலி தலையில் ஓலையைக் கட்டிக்கொண்டு ஓடிப்போய், ஏழாவது பனை இருந்த இடத்தில் நிற்பான். வந்தவர் திரும்பிப் போகிறவரை வாயைத் திறக்கமாட்டான். பனை பேசாது என்பது அவனுக்குத் தெரியும்.

அந்த ஊரில் கொஞ்சம் விவரமான ஆள் வெயிலுமுத்து. அப்படி அவரே சொல்லிக்கொள்வார். மறுத்துச் சொல்லும் அளவுக்கு விவரம் மற்றவர்களுக்கு இல்லாததால் ஊரும் ஒப்புக்கொண்டிருந்தது. அவருக்கு இருந்தது ஒரு மகள், ஒரு முழங்கால் வலி. மகள் பூரணத்தைச் சாத்தன்பேட்டை டவுனில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் இப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பதுதானே முறை? ஆனால் சம்பந்தியம்மாள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, உங்க ஊருக்கு பஸ் கிடையாது. மெயின் ரோட்டு விலக்குல இறங்கி அம்புட்டுத் தூரம் எம் மருமவ வயித்தைத் தள்ளிக்கிட்டு வெயில்ல நடக்கணுமா? பஸ் உங்க ஊருக்கு வரட்டும், பிள்ளையை அனுப்புதேன். இல்லேன்னா பேறுகாலம் இங்கனதான்."

"மைனி, பஸ்ஸு என்ன எங்க வீட்டு மாடா, கயித்தைக் கட்டி இழுத்தா வாரதுக்கு?"

"இழுத்தாவது கொண்டாங்க. பெத்தவருக்கு அந்த அக்கறை இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

வெயிலுமுத்து வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், மனைவி ஆவுடையம்மாள் மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள். "கேட்டியளா, பிரசவ மருந்து இடிச்சுச் சட்டியில நிறைச்சு வச்சிருக்கேன். புள்ள வராட்டா அதை யாரு திங்கிறது?" வெயிலுமுத்துவுக்கு மனசு தாங்கவில்லை. பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த அவரே இரண்டு உருண்டை தின்று பார்த்தார். வாய் கசந்தது, துக்கம் குறையவில்லை.

இருபத்தேழாம் நம்பர் பஸ் விலக்கு வரைக்கும் வந்து திரும்பிப்போகிறது. அதை இன்னும் கொஞ்சம் தள்ளி ஊருக்குள் விட்டால் போதும். இதைக் கேட்டு ஊரார் ஏற்கெனவே மூன்று மனு கொடுத்திருந்தார்கள். பதிலே இல்லை. ஆகவே பஞ்சாயத்துத் தலைவர் கொம்பையாவையும், பத்தாம் வகுப்பைப் படித்துப் படித்து வாத்தியார்களே பாஸ் போட்டு அனுப்பிய செல்லக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு, வெயிலுமுத்து டவுன் டிப்போவுக்கே போனார்.

அங்கே தலைமை எழுத்தர் நமச்சிவாயம் நல்ல மனுஷர். பசி நேரத்தில்கூட எரிந்து விழாமல் பேசினார்.

"உங்க மனுவெல்லாம் வந்துதுய்யா. புதுசா வந்திருக்கிற பெரிய அதிகாரி வடக்கத்திக்காரர். தமிழ் வாசிக்கத் தெரியாது. இங்கிலீஷ்ல முறையா எழுதிக் கொண்டாங்க. இன்னொரு விஷயம். எண் வர்ற இடத்துல எண்ணைப் போடாதீங்க, எழுத்தால எழுதுங்க."

"ஏன் சார்? எண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கொம்பையா கேட்டார்.

"எண்ணுன்னா எவனாவது பின்னால ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துடுவான். எழுத்துன்னா அது நடக்காது. கடைசியில 'ஒன்லி'ன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க. அதுக்கப்புறம் யாரும் எதையும் சேர்க்க முடியாது. ட்வென்டிக்கும் செவனுக்கும் நடுவுல சின்னதா ஒரு கோடு. இங்கிலீஷ்ல அதுதான் முறை. எங்கே எண் வந்தாலும் எழுத்து, ஞாபகம் இருக்கட்டும்."

வெயிலுமுத்து கைகட்டி நின்று கேட்டார். "எங்கே வந்தாலுமா சார்?"

"எங்கே வந்தாலும்" என்றார் நமச்சிவாயம், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே. "கீழ்மாந்தைக்காரங்களும் இதே பஸ்ஸைக் கேட்டிருக்காங்க. உங்க மனுவுல தப்பு இருந்தா பஸ் அங்கே போயிடும்."

'மனுவுக்குள்ளே' என்று அவர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பாவம், அன்றைக்குத் தூக்கில் புளியோதரை.

ஊருக்கு வந்ததும் கொம்பையா கூட்டம் போட்டார். "எங்கே எண் வந்தாலும்னு சொல்லிட்டாரு. அதிகாரி எப்ப வேணும்னாலும் ஊரைப் பாக்க வருவாரு. ஒரே ஒரு எண் அவர் கண்ணுல பட்டாலும் பஸ் கீழ்மாந்தைக்குத்தான். வெயிலுமுத்து அண்ணாச்சி மவ பேறுகாலம் நம்ம கையிலதான் இருக்கு, பாத்துக்கிடுங்க."

ஊர் ஒரே குரலாகத் தலையாட்டியது. நல்ல ஜனங்கள். அடுத்தவர் கஷ்டம் என்றால் யோசிக்காமல் இறங்கிவிடுவார்கள். யோசித்துவிட்டு இறங்கியதாகவும் சரித்திரம் இல்லை.

"நம்ம ஊர்ப் பேரைப் பாத்தியளா தலைவரே?" என்றார் வெயிலுமுத்து. "ஏழுங்கிறது எண்ணாவா இருக்கு? எழுத்தால இருக்கு. நம்ம பாட்டன்மார் அப்பவே முறை தெரிஞ்சவங்க."

எல்லாருக்கும் புல்லரித்தது. ஆனால் 'ஒன்லி' இல்லையே என்று ஒருவர் குறை சொல்ல, மறுநாள் ஊர்ப்பலகை 'ஏழு ஒன்லி பனைப்பட்டி' ஆயிற்று.

அடுத்து வீட்டு எண்கள். செல்லக்கண்ணு சொல்லச் சொல்ல சங்கிலி சுவரில் இங்கிலீஷில் எழுதினான். சங்கிலிக்குப் பழக்கமெல்லாம் மதில் சுவரில் சிமென்ட் விளம்பரம் எழுதித்தான். ஓர் எழுத்து ஓர் ஆள் உயரம் இருக்கும். சிறிய எழுத்து கைக்கு வராது. வெயிலுமுத்துவின் வீட்டு எண் நூற்று முப்பத்தேழு. 'ஹண்ட்ரட்' எழுதியதும் அவர் சுவர் தீர்ந்துபோனது. 'அண்ட் தர்ட்டி' பக்கத்து வீட்டுக்கும், 'செவன் ஒன்லி' அதற்கும் அடுத்த வீட்டுக்கும் போனது. அந்த வீட்டுக்காரர் தன் எண்ணை எங்கே எழுதுவது என்று கேட்டதற்கு, தெருக்கோடி பக்கம் கையைக் காட்டினார்கள்.

இப்படி ஒவ்வொரு வீட்டின் எண்ணும் முந்தின எண் முடிந்த இடத்தில் தொடங்கித் தெருவைத் தாண்டிப்போனது. கடைசி வீட்டு எண்ணுக்கு வாய்க்கால் மதகும் போதவில்லை, கோயில் மதிலும் போதவில்லை. மிச்சமிருந்த 'நைன் ஒன்லி'யைக் கொம்பையாவின் எருமை மேல் எழுதினார்கள். எருமை அப்போது படுத்திருந்தது. மறுநாள் தபால்காரர் ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு, அது மேயப் போன இடமெல்லாம் பின்னாலேயே அலைந்தார். கடைசியில் பத்திரிகையை எருமை வாங்கிக்கொண்டது. அந்தக் கல்யாணத்துக்கு அதுதான் போயிருக்க வேண்டும்.

பஞ்சாயத்து ஆபீஸ் கடிகாரத்திலும் எண்கள் இருந்ததை செல்லக்கண்ணு கண்டுபிடித்தான். சங்கிலி அவற்றை அழித்துவிட்டு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுத்தால் எழுத உட்கார்ந்தான். 'ஒன்'னை எழுதியதும் கடிகாரம் நிறைந்துவிட்டது. அன்று முழுக்க ஊரில் மணி ஒன்றாகவே இருந்தது. ஒரு மணி சாப்பாட்டு நேரமாயிற்றே என்று ஊரார் சாயங்காலம் வரை இலையைப் போட்டபடி இருந்தார்கள். பெண்கள் கரண்டியை எடுத்து அடிக்க வந்த பிறகுதான், இனிமேல் சூரியனைப் பார்த்து நேரம் சொல்வது என்று தீர்மானமாயிற்று.

"சூரியன்தான் முறையான கடியாரம்" என்றார் கொம்பையா. "எத்தனை வருசமா இருக்கு! ஒரு எண்ணாவது அதுல இருக்கா பாருங்க."

ஊர் சுத்தமானதும் மனுவை எழுத உட்கார்ந்தார்கள். இங்கிலீஷ் செல்லக்கண்ணுவுடையது, கையெழுத்து சங்கிலியுடையது. ஊரிலேயே இங்கிலீஷ் எழுத்தை வளைவு சுளிவோடு எழுதத் தெரிந்தவன் அவன்தான். காகிதத்தில் அவனுக்கு ஓர் எழுத்தில் பாதிகூட அடங்கவில்லை. கொம்பையா தன் எட்டு முழ வேட்டியை அவிழ்த்துத் தந்தார். அதுவும் போதாமல் ஊர் ஆண்களெல்லாம் ஆளுக்கொரு வேட்டி கொடுக்க, ஆவுடையம்மாள் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுத் தைத்தாள். மகளுக்காகத் தைக்கிறோம் என்ற நினைப்பில் ஓரத்தில் பூவேலைகூடச் செய்தாள்.

'ட்வென்டி செவன்' என்ற இடம் வந்ததும் சங்கிலி தூரிகையை நிறுத்தினான். "நடுவுல ஒரு கோடு போடச் சொன்னாருல்லா, அது எதுக்கு?"

"வரப்புவே" என்றார் கொம்பையா. "ட்வென்டி பெரிய ஆளு. செவன் பாவப்பட்டவன். பெரியவன் சின்னவன் நிலத்துக்குள்ள வந்துரக் கூடாதுன்னு நடுவுல வரப்பு."

"இல்ல தலைவரே, அது கை" என்றார் வெயிலுமுத்து. "பெரியவரு சின்னவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாரு. திருவிழாக் கூட்டத்துல பிள்ளை தொலைஞ்சிரக் கூடாதுல்லா."

"கைன்னா விரல் எங்கவே?"

"வரப்புன்னா புல்லு எங்க தலைவரே?"

ஊர் இரண்டாகப் பிரிந்தது. வரப்புக் கட்சி வீட்டில் கைக் கட்சிக்காரர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோகும் நிலைக்கு வந்தது. கடைசியில் சங்கிலியே கோட்டின் ஒரு முனையில் ஐந்து விரல் வரைந்து, மேலே கொஞ்சம் புல்லும் முளைக்க வைத்தான். இரண்டு கட்சியும் கட்டிப்பிடித்துக்கொண்டன.

அடுத்தது தலைவரின் போன் நம்பர்.

"ஒவ்வொண்ணா எழுதிரலாமா தலைவரே? நைன், எயிட், அப்படி?" என்று செல்லக்கண்ணு கேட்டான்.

"உதிரி உதிரியாவா? ஒரு தலைவர் நம்பரைச் சில்லறையா எழுதுதது மரியாதையா? மொத்தமா எழுதுலே."

மொத்தமாக எழுதினால் அது தொள்ளாயிரத்து எண்பத்து நாலு கோடியே சொச்சம் வந்தது. கொம்பையா அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் சட்டைப்பையில் அத்தனை கோடி இருந்தது அதுவரை அவருக்குத் தெரியாது. வெயிலுமுத்துவின் நம்பர் அறுநூற்றுச் சொச்சம் கோடிதான். அன்று முதல் அவர் தலைவருக்கு எதிரில் நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஜனத்தொகையில் வந்தது. ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். "த்ரீ ஹண்ட்ரட் அண்ட் ட்வெல்வ் ஒன்லி" என்று செல்லக்கண்ணு சொன்னதுமே வெயிலுமுத்துவின் முகம் கறுத்துப்போனது.

"பொறு மாப்ளே. ஒன்லி போட்டாச்சுன்னா அதுக்கு மேல யாரையும் சேர்க்க முடியாதுல்லா?"

"முடியாது மாமா. அதுக்குத்தானே ஒன்லி."

"அப்ப எம் பேரப்பிள்ளை?"

எல்லாரும் ஆவுடையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். வாஸ்தவம்தானே? ஒன்லி போட்ட ஊரில் ஒரு குழந்தை எப்படிப் பிறக்கும்? ஆவுடையம்மாள் ஊசியைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். ஒன்லி போடாமல் விட்டாலோ பஸ் வராது. பஸ் வராவிட்டால் பூரணம் வரமாட்டாள். வெயிலுமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேணும்னா நான் ஊரை விட்டுப் போயிருதேன். எனக்குப் பதிலா அது பிறந்துக்கிடட்டும்."

"விடுவமா அண்ணாச்சி!" என்று கொம்பையா அவர் தோளைத் தட்டினார். மூச்சுவிடாமல் யோசித்து, மனுஷர் ஒரு வழி சொன்னார். அதன்படி மனுவில், 'ஜனத்தொகை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், வந்துகொண்டிருப்பவர் ஒருவர், ஒன்லி' என்று இங்கிலீஷில் எழுதினார்கள். வெயிலுமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மனுவைப் பாய்போலச் சுருட்டி நாலு பேர் தோளில் தூக்கிப்போனார்கள். இடுப்பில் துண்டோடுதான் போனார்கள், வேட்டியெல்லாம் மனுவாகிவிட்டதே.

"என்னய்யா இது, பந்தலா?" என்றார் நமச்சிவாயம்.

"மனு சார். ஒரு எண்ணுகூடக் கிடையாது."

அறைக்குள் விரிக்கத் தொடங்கி, வராந்தா வழியே போய், பஸ் நிற்கிற இடத்தையும் கடந்து மனு நீண்டது. ஒரு பஸ்ஸைப் பின்னால் எடுத்துத்தான் 'ஒன்லி'யை விரிக்க முடிந்தது. பெரிய அதிகாரி வெளியே வந்து பார்த்தார். தன் ஆயுசில் முதல் முறையாக ஒரு மனுவை நடந்து வாசித்தார். கோடும் விரலும் புல்லும் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். 'வந்துகொண்டிருப்பவர்' என்ற இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து மூச்சு வாங்க நமச்சிவாயத்திடம் அவர் இங்கிலீஷில் சொன்னதன் சுருக்கம் இதுதான்: இவர்களுக்கு பஸ்ஸைக் கொடுத்துவிடுங்கள், இவர்கள் இன்னொரு மனு எழுதக்கூடாது.

பஸ் வந்த அன்று ஏழுபனைப்பட்டியில் மேளம் என்ன, மாலை என்ன! டிரைவர் அருளப்பனுக்கும் கண்டக்டருக்கும் வெயிலுமுத்து வீட்டில் விருந்து. ஆவுடையம்மாள் அள்ளி அள்ளிப் பரிமாறினாள். திரும்பக் கிளம்ப நேரம் இருந்ததால் இருவரும் வேப்பமரத்து நிழலில் துண்டை விரித்துக் கண்ணயர்ந்தார்கள்.

வெயிலுமுத்து பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரைத் தடவினார், ஹாரனைத் தடவினார். முன்பக்கம் வந்து அண்ணாந்து பார்த்தார்.  பஸ்ஸின் நெற்றியில் 27 என்று பச்சையாக எண்ணில் போட்டிருந்தது.

"தலைவரே, ஓடியாங்க! டிப்போக்காரங்க மறந்து எண்ணைப் போட்டுட்டாங்க. பெரியவரு பாத்தாருன்னா நம்ம மேலதானே பழி? எம் மவ கெதி என்ன ஆகும்!"

வெளியூர்க்காரர்கள் தூங்குகிற நேரம்தானே என்று சங்கிலி ஓலையை அவிழ்த்து வைத்துவிட்டு, பெயிண்ட் டப்பாவோடு வந்து பார்த்தான். "நெத்தி ரொம்பச் சின்னதா இருக்கு அண்ணாச்சி. நம்ம எழுத்து நிக்காது."

"அதுக்குக் கீழ கண்ணாடி அம்புட்டுப் பெருசா சும்மாதானே கெடக்கு?"

கண்ணாடியில் எழுத்து எடுப்பாகத் தெரியவேண்டும் என்று முதலில் முழுக்க வெள்ளை பூசினார்கள். அதன் மேல் சிவப்பில் 'ட்வென்டி செவன் ஒன்லி'. நடுவில் விரலும் புல்லுமாகக் கோடு. வெயிலில் நன்றாக ஒட்டிக் காய்ந்தது. எழுந்து வந்து சீட்டில் உட்கார்ந்த அருளப்பன், பொழுது இருட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்.

"அடப் பாவிகளா! எனக்கு முன்னால ஒண்ணுமே தெரியலையேய்யா!"

"உங்களுக்கு எதுக்கு சார் தெரியணும்?" என்றார் கொம்பையா பொறுமையாக. "நீங்கதான் உள்ளேயே இருக்கியளே. நம்பரு எதுத்தாப்ல நிக்கறவனுக்குத் தெரிஞ்சாப் போதும்லா?"

சுரண்டிப் பார்த்தார்கள், வரவில்லை. சங்கிலி போட்ட பெயிண்ட் அப்படி. டவுனுக்குப் போய்த்தான் ஏதாவது செய்யவேண்டும். பக்கத்து ஜன்னல் வழியே தலையை நீட்டினால் அருளப்பனுக்கு ரோட்டின் வலது ஓரம் தெரிந்தது. இடது ஓரமும் எதிரில் வருவதும் கடவுளுக்குத்தான் வெளிச்சம். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரிடம் வெயிலுமுத்து வந்தார். கையில் மாட்டுக்கயிறு இருந்தது.

"கவலைப்படாதிய சார். இதை முன்னால கட்டிருதேன். நான் முன்னால போறேன், நீங்க கயித்துப் பின்னாலேயே வாங்க. எங்க காளை இப்படித்தான் வரும்."

பஸ் நகர்ந்தது. முன்னால் வெயிலுமுத்து கயிற்றைப் பிடித்து நடந்தார். அவருக்குத் துணையாகக் கொம்பையா நடந்தார். பஸ் வந்த சந்தோஷத்தில் டவுனுக்குப் போக நினைத்த ஊரார் எல்லாரும் கூட நடந்தார்கள். எல்லாரும் டிக்கெட் எடுத்துக்கொண்டார்கள், ஓசியில் நடக்கிற ஆட்கள் இல்லை அவர்கள். பள்ளம் வந்தால் "பள்ளம்!" என்றும், ஆடு வந்தால் "ஆடு!" என்றும் கூவினார்கள். எதிரில் வந்த லாரிக்காரன் இதைப் பார்த்துவிட்டு லாரியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டான். சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பான்.

கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர் போகிற வழிதானே வழி? பஸ் நேராகச் சம்பந்தி வீட்டுத் தெருவுக்குள் போய் வாசலில் நின்றது. சம்பந்தியம்மாள் வெளியே வந்து பார்த்தாள். வியர்த்து விறுவிறுத்து, கயிறும் கையுமாக வெயிலுமுத்து நின்றிருந்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் நமக்கே கண் கலங்கும்.

"இழுத்துட்டு வந்துட்டேன் மைனி."

 கேட்டது கேட்டபடி நடந்துவிட்டதே. உள்ளே போய் மருமகளுக்குப் பூ வைத்து, பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்தாள். அத்தனை பெரிய பஸ்ஸில் பூரணம் ஒருத்திதான் பயணி.

"அப்பா, உள்ள சீட்டெல்லாம் காலியா இருக்கு. ஏறி உக்காருங்கப்பா. உங்க முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"நான் ஏறிட்டா பஸ்ஸை யாரும்மா கூட்டிட்டுப் போவா?"

டிப்போவில் நமச்சிவாயம் பஸ்ஸைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணாடியை மாத்தணும்யா. அதுக்கு ஒரு மனு..." என்று ஆரம்பித்தவர், வெயிலுமுத்துவின் முகம் மலர்வதைக் கண்டார். அவரைச் சுற்றி நின்றவர்கள் இடுப்புத் துண்டை அவிழ்க்கத் தயாராக இருப்பதையும் கண்டார். "வேண்டாம், வேண்டாம்! அப்படியே ஓட்டுங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து ஏழுபனைப்பட்டிக்கு பஸ் முறையாக ஓடுகிறது. ஊரார் முன்னால் நடப்பார்கள், பஸ் பின்னால் வரும். "முன்னெல்லாம் டவுனுக்குத் தனியா நடக்கணும், கால் வலிக்கும். இப்ப பஸ் கூட வாரதால தெரியவே மாட்டேங்கு" என்பார் வெயிலுமுத்து. ஒரே ஒரு குறைதான். இவர்கள் டவுனுக்குப் போய்ச் சேர்ந்து காப்பி குடித்து முடித்த பிறகுதான் பஸ் வந்து சேர்கிறது. பழக்கத்தில் நடை வேகமாகிவிட்டது. கயிற்றையும் நீளமாக்கிப் பார்த்தாயிற்று. ஆகவே, தங்களோடு சேர்ந்து வர இன்னும் வேகமான பஸ் தேவை என்று கேட்டு இன்னொரு மனு எழுதினார்கள். வேட்டி தீர்ந்துபோய்ச் சேலையில் எழுத வேண்டியதாயிற்று. கடைசியில் மறக்காமல், 'பஸ் ஒன் ஒன்லி'.

இதற்கிடையில் பூரணத்துக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது. மருத்துவச்சி வெளியே வந்து, "ரெட்டைப் பிள்ளை!" என்றாள்.

ஊர் குலவையிட்டது. வெயிலுமுத்து மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் அழுவதாக எல்லாரும் நினைத்தார்கள். அவர் மெதுவாகச் சொன்னார்: "தலைவரே, வந்துகொண்டிருப்பவர் ஒருவர்னுதானே எழுதினோம்? ஒன்லி போட்டோமே!"

குலவை பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஒருவன் ஓடி வந்தான். புது மனுவைப் பற்றி நேரில் பேச நமச்சிவாயம் வந்துகொண்டிருக்கிறாராம். பஸ்ஸுக்கு முன்னால் நடந்து வருகிறாராம்.

நமச்சிவாயம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது ஊரார் வரிசையாக நின்று வரவேற்றார்கள். ஊர் எல்லையில் பனைகள் ஏழும் ஒழுங்காக நின்றன.

"பேரப்பிள்ளை பிறந்துதாமே, சந்தோஷம்" என்றார் நமச்சிவாயம்.

"ஆமா சார்" என்றார் வெயிலுமுத்து, கையில் இருந்த குழந்தையைக் காட்டி. "ஒண்ணு. ஒன்லி."

அப்போது ஏழாவது பனையின் ஓலைக்குள்ளிருந்து வீல் என்று ஓர் அழுகைச் சத்தம் வந்தது. நமச்சிவாயம் திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா, பனை அழுகுது?"

"நுங்கு சார்" என்றார் கொம்பையா. "இளசு. அப்படித்தான் சத்தம் போடும்."

அழுகை நிற்கவில்லை. கூடிக்கொண்டே போனது.  கொஞ்ச நேரத்தில் அந்தப் பனை லேசாக இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கி, தணிந்த குரலில் தாலாட்டுப் பாடியது.

நமச்சிவாயம் போன பிறகு எல்லாரும் சங்கிலியைச் சூழ்ந்துகொண்டு திட்டினார்கள். அவன் ஓலையைக்கூட அவிழ்க்காமல், தூங்கிவிட்ட குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி சொன்னான்: "பனை பேசாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் ஒரு வார்த்தை பேசினனா? பாடத்தானே செஞ்சேன்."